பொம்பள ஓட்டின வண்டி

அந்தக் கோடையில் எங்கள் கார் சூடாக ஆரம்பித்ததும், ஏன் சூடாகிறது என்று வீட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் காரணம்.

அப்போது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தோம். மாமியார், கொழுந்தனார், நான், என் மகள். கணவர் துபாயில் வேலையில் இருந்தார். போவதற்கு முன்னால் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனார், தம்பி ஓட்டுவான் என்று. தம்பிக்கு மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க மனசே வராது. கார் கவரைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸும் வாங்கி, அதற்குப் பிறகுதான் கணவருக்குப் போனில் சொன்னேன். தம்பியிடம் போனைக் கொடு என்றார்.

எனக்கு அனகாபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. கார் இல்லாத காலத்தில் கேம்ப் ரோட்டில் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயிலைப் பிடித்து, பல்லாவரத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். வகுப்பில் நுழையும்போதே புடவை கசங்கி, முகம் எண்ணெய் வழிந்து, பாதி நாள் முடிந்த மாதிரி இருப்பேன். கார் வந்த பிறகு மனுஷியாகப் போய் மனுஷியாகத் திரும்பினேன். மாமியாருக்கும் அதில் லாபம் இருந்தது. அவருடைய அக்கா அனகாபுத்தூரில்தான் இருந்தார். முட்டி வலியோடு பஸ் ஏற முடியாததால் அக்காவைப் பார்ப்பது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. இப்போது பள்ளி வைக்கும் சனிக்கிழமைகளில் என்னோடு வந்து அக்கா வீட்டில் இறங்கிக்கொள்வார். மாலையில் திரும்பும்போது சில நாள் திருநீர்மலையில் நிறுத்தச் சொல்வார். மலை ஏற முடியாது. கீழ்க் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் ஓட்டுவதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பல்லாவரத்து நெரிசலில்தான் முதல்முறை சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தியதும் எங்கிருந்தோ நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர், ஒழுக்கு அடைபடும் என்று ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார். இன்னொருவர் கேட்காமலே, பின்னால் திரும்பி, "லேடீஸ் ஓட்றாங்கப்பா" என்று மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்து மாமியாரை வைத்துக்கொண்டே நின்றது. வெயிலில் அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

கொழுந்தனார் தீர்ப்பு எழுதிவிட்டார். அண்ணி மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் ரெண்டாவது கியரிலேயே போகிறார்கள், கிளட்சிலிருந்து காலை எடுப்பதே இல்லை, இஞ்சின் என்ன செய்யும் பாவம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் ஒருநாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில்லை. நான் எந்தக் கியரில் போகிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை போனில் அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். வண்டி முழுசாகக் கெட்டுப்போவதற்குள் விற்றுத் தள்ளிவிடுவது. கொழுந்தனாருக்குத் தெரிந்த ஒருவர் மேடவாக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். என்னிடம் போனைக் கொடுத்தபோது, "உனக்கும் டென்ஷன் இல்ல பாரு" என்றார் என் கணவர். என் டென்ஷனைப் பற்றி அவருக்கு எவ்வளவு அக்கறை.

வண்டி போவதுகூட இரண்டாவது. அந்த ரயிலையும் பஸ்ஸையும் நான் மறுபடி பிடித்துவிடுவேன். என்னால் கெட்டது என்ற பெயரோடு போகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இனி இந்த வீட்டில் நான் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்பது நன்றாகப் புரிந்தது.

சனிக்கிழமை பள்ளி இல்லை. கொழுந்தனார் வேலைக்குப் போனதும், காரோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன்.

எடுத்த எடுப்பில் தெரிந்துவிடவில்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வைத்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது, ஒழுகவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும் என்று கையேட்டில் இருந்தது. வெளுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். சூடு ஏறியதும் ஃபேன் தானாகச் சுற்றியது. அதுவும் சரி. இஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேன் நிற்கும்வரை காத்திருந்து, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தேன். மேலே கை வைக்க முடியவில்லை. ஓரத்தில் சுட்டது. நடுவில் பெரிய திட்டாக ஒரு இடம் மட்டும் ஜில்லென்று கிடந்தது. வெந்நீர் அந்தப் பக்கமே போகவில்லை.

நன்றாக ஆறவிட்டு மூடியைத் திருகித் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் யாரோ பழக்கமானவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்த மாதிரி இருந்தது. இதே வெள்ளையைத்தான் நான் மாசாமாசம் குளியலறையில் வாட்டர் ஹீட்டர் கம்பியிலிருந்து கத்தி முதுகால் சுரண்டி எடுக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு ஜாதி. போர் போட்டு மோட்டாரில் வருவது உப்புத் தண்ணீர். லாரியில் வருவது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் தொண்டைக்குள் மட்டும்தான் போகலாம். சமைக்க, குடிக்க, அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் யாராவது கையைக் கழுவினால் மாமியார் பார்க்கும் பார்வையில் கை தானாக உலர்ந்துவிடும். அந்தக் கோடையில் லாரியும் ஒழுங்காக வரவில்லை. காருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு கேள்வி இருப்பதாகவே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தெருவிலும் யாருக்கும் தோன்றியிருக்காது. கணவர் இருந்தபோது அவர் ஊற்றினார். அவர் போன பிறகு கொழுந்தனார். வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆம்பளை வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன் என்பார். வாசலில் இருக்கும் உப்புத் தண்ணீர்க் குழாயில் மக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு பானெட்டை டொம்மென்று சாத்துவார். நான் ஓட்டினேன். அவர் வாராவாரம் ரேடியேட்டருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

அடியில் இருந்த திருகைத் தளர்த்தி எல்லாவற்றையும் வடித்தேன். அரிசி கழுவிய தண்ணீரில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி கொட்டியது. ஹீட்டர் கம்பிக்கு நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பால் திரிக்க மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, வடித்து, குழாயில் ஹோஸைச் செருகிக் கழுவி, மறுபடி ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் சில்லுச் சில்லாக வெள்ளை வந்து விழுந்தது. தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடும் ஒரு சின்ன வால்வு உண்டு, தெர்மோஸ்டாட். அதையும் கழற்றினேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வெந்நீரில் போட வேண்டும். கையில் அகப்பட்ட பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினேன்.

மாமியார் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"பால் காய்ச்சற குண்டான்ல காரைப் போட்டு வேவிக்கிறியா நீ?"

தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வால்வு அரைக்கண் திறந்த மாதிரிதான் திறந்தது. இடுக்கியால் எடுத்து, ஆறியதும் அவர் கையில் கொடுத்தேன். இது என்ன வெள்ளை என்று கேட்டார். ஹீட்டர் கம்பியில் இருப்பதுதான் என்றேன். கட்டை விரலால் தேய்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். வாசலுக்கு வந்து குழாயைப் பார்த்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் நிற்கும் இடத்தைப் பார்த்தார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது உண்மை.

வால்வு எலுமிச்சை உப்பில் ஊறிச் சுத்தமாகி ஒழுங்காகத் திறந்தது. எல்லாவற்றையும் மாட்டினேன். தாம்பரத்தில், ரேடியேட்டரில் உப்புப் படியவிடாத கூலன்ட் வாங்கி வந்தேன். இப்போது அதோடு கலக்க நல்ல தண்ணீர் வேண்டும். மாமியாரிடம் கேட்டேன். மனுஷனுக்கே தண்ணீர் இல்லை, காருக்குக் கேட்கிறாயா என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே போய், இடுப்பில் குடத்தோடு முட்டியைத் தாங்கித் தாங்கி வந்து, கீழே சிந்தாமல் அவரே ஊற்றினார்.

அன்று மாலை வண்டியைப் பல்லாவரம் வரை ஓட்டிப் போய், வேண்டுமென்றே நெரிசலில் நின்றேன். முள் பாதியில் அசையாமல் நின்றது. சந்தோஷத்தில் ஹாரனை அடித்துவிட்டேன்; முன்னால் நின்றவர் திரும்பி முறைத்தார்.

சாப்பிடும்போது கொழுந்தனாரிடம் சொன்னேன். ரிப்பேர் முடிந்தது, இனி சூடாகாது என்று. அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் எழுந்து போய் அவரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"செம அண்ணி. இப்ப நல்ல விலைக்கே தள்ளிடலாம்."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. இது எனக்குத் தோன்றவே இல்லை. சூடாகி சூடாகி நிற்கும் வண்டியை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க நானே அதை விற்கத் தகுந்ததாக ஆக்கி வைத்திருக்கிறேன். வண்டி எனக்கு வேண்டும் என்று அப்போதே சொன்னேன். அண்ணனிடம் பேசி முடித்தாயிற்று, மேடவாக்கத்துக்காரரையும் வரச் சொல்லியாயிற்று, இப்போது போய் இல்லை என்றால் எப்படி என்றார். மாமியார் மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மோர்ச் சொம்பைக் கொழுந்தனார் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்துக்காரர் வந்தார். தன்மையான ஆள். கொழுந்தனாரோடு கேம்ப் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். ஹாலில் உட்கார்ந்து பேச்சு விலை பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. மாமியார் காபி கொண்டுபோய்க் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"ஒண்ணு சொல்லிட்றேன் தம்பி, பின்னாடி மனசு கஷ்டப்படக் கூடாது. அது பொம்பள ஓட்ன வண்டி. என் மருமவதான் ஓட்டிக்கினு இருந்துச்சு. கியரு போடத் தெரியாது, கிளச்சு தெரியாது, இஞ்சினை வேவ வச்சிருச்சு. எத்தினி தபா வண்டி ரோட்ல நின்னு, நான் வெயில்ல உக்காந்து கீறேன். இன்னிக்கு ஏதோ ஓடுது."

கொழுந்தனார் "அம்மா" என்றார். மாமியார் சொன்னதெல்லாம் அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததுதானே. வந்தவர் காபியை மரியாதையாகக் குடித்து முடித்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார். சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு வந்து பார்க்கவும் யாரும் வரவில்லை. விஷயம் எப்படியோ பரவிவிட்டது.

எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. சமையலறைக்குப் போய், மெதுவான குரலில்தான், கேட்டுவிட்டேன். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளையை உங்கள் கையாலேயே சுரண்டினீர்கள். அப்புறம் ஏன் அத்தை என் தலையில் போட்டீர்கள்?

அவர் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவன் மேல போட்டா மூஞ்சியத் தூக்கிக்கினு வண்டிய எவன்கிட்டனா சும்மாவே குட்த்துருவான். உனக்கு வண்டி வோணுமா, பேரு வோணுமா?"

ரெண்டும் வேண்டும் என்றுதான் சொல்ல நினைத்தேன். நியாயப்படி அதுதான் பதில். வண்டி என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை பள்ளி உண்டா என்று கேட்டார்.

அந்தக் காரை நான் பல வருஷம் ஓட்டினேன். முள் பாதியைத் தாண்டியதே இல்லை. உறவுக்காரர் கல்யாணங்களில் பந்தி முடிந்து ஆம்பளைகள் நாற்காலி போட்டு உட்காரும்போது, அண்ணி ஓட்டி ஓட்டி எங்கள் வண்டியை விற்கவே முடியாமல் ஆக்கிவிட்டார்கள் என்று கொழுந்தனார் இன்றைக்கும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமியாரும் சிரிப்பார்.