மதினி சாப்பிட்ட மட்டி

மதினி மருந்தைக் குடித்துவிட்டாள் என்றுதான் அண்ணன் போனில் சொன்னான். அன்று காலை இருவருக்கும் சண்டை. பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தது. ஆனைக்குட்டத்தில் வீட்டு வாசலில் மதினி சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நான் அப்போது விருதுநகரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். வியாபாரிகள் அனுப்பும் வத்தல், கடலை, பருப்பில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மதினி கண்மூடிக் கிடந்தாள். கை காலில் அசைவில்லை. பூச்சிமருந்து குடித்த ஆள் மாதிரித் தெரியவில்லை, ஆனால் என்னவென்றும் பிடிபடவில்லை என்றார் டாக்டர். கட்டிலருகே அண்ணன் தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

"ஒரு வார்த்த திட்டுனதுக்கு இப்படிப் பண்ணிட்டாளே. எம் மானத்த வாங்கிட்டாளே."

கூட வந்திருந்த பக்கத்துவீட்டு அக்கா என்னைத் தனியே அழைத்தாள். தீபாவளி சீசன் முடிந்து, வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி மூடிக் கிடந்ததால், மதினி ஊர் அணைக்குப் போய்ச் சேற்றில் கிடக்கும் மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து குழம்பு வைத்தாளாம். அண்ணன் மட்டியைத் தொடமாட்டான். இவள் மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டே வந்து விழுந்தாளாம்.

அணைத் தண்ணீர் பச்சைப்பாசி படர்ந்து நாறிக் கிடந்தது எனக்குத் தெரியும். முன்பு தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தபோது, சிப்பியிலும் மட்டியிலும் நஞ்சு இருக்கிறதா என்று எலிக்கு ஊசி போட்டுப் பார்த்திருக்கிறேன். நஞ்சுள்ள பாசியைத் தின்னும் மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அந்த மட்டியைத் தின்றவருக்கு மூச்சு நின்றுபோகும்.

சமைத்தது போக மிஞ்சிய மட்டியை எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துவரச் செய்தேன். அரைத்து, அமிலம் சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி ஆறவைத்தேன். அந்தச் சாற்றைக் கூடத்தில் வளர்க்கும் வெள்ளை எலிகளின் வயிற்றில் ஊசியாகப் போட்டேன். மற்ற நாளெல்லாம் எலி பிழைக்கட்டும் என்றுதான் மனம் நினைக்கும். அன்று சாகட்டும் என்று வேண்டினேன். செத்தால் மதினி மருந்து குடிக்கவில்லை. ஆனால் அதே நஞ்சுதானே அவள் உடம்பிலும் இருக்கும்? அதற்கு மாற்றுமருந்து கிடையாது. எதை வேண்டுவதென்று தெரியாமல் கூண்டின் முன்னால் நின்றேன். எலிகள் தடுமாறின. பின்னங்கால்களை இழுத்தன. மூச்சுக்கு வாயைப் பிளந்து, துள்ளி, அடங்கிப்போயின.

டாக்டருக்குப் போன் செய்து, மட்டி நஞ்சுதான் என்று சொன்னேன்.

"அப்ப மூச்ச மட்டும் விட்டுறாமப் பிடிச்சுக்கணும்மா. நஞ்சு தன்னால எறங்கும்," என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் மதினியின் மூச்சு அடங்கத் தொடங்கியிருந்தது. மூச்சுக் கருவி எதுவும் காலியாக இல்லை. மதினியின் தொண்டையில் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கச் சொன்னார்கள். நர்ஸும் அண்ணனும் பக்கத்துவீட்டு அக்காவும் நானும் மாறி மாறி அமுக்கினோம். நிறுத்தினால் அவள் நெஞ்சு அசையாது. மட்டிதான் காரணம் என்று நான் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. பிழைத்து வரட்டும், அப்புறம் இருக்கிறது அவளுக்கு என்று முனகிக்கொண்டே அமுக்கினான்.

மறுநாள் மதினியின் விரல் அசைந்தது. பிறகு தானாக மூச்சுவிட்டாள். குழாயை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். இல்லன்னு சொல்ல நாக்கு வரல."

அந்த நஞ்சு உடம்பைக் கட்டிப்போடுமே தவிர நினைவைத் தொடாது. அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

ஊருக்குப் போனதும், அணையில் மட்டி எடுக்காதீக என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அண்ணனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். அவனோடு பேச்சு மட்டும் இல்லை. கம்பெனி திறந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், குழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்தவா என்று கேட்டாளாம். அதைச் சொல்வதற்கென்றே அண்ணன் விருதுநகருக்கு பஸ் ஏறி வந்தான். சொல்லிவிட்டு என் வீட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான்.