கை ஸ்லோவாம்!

“அண்ணா, உங்களுக்கு இருபத்தெட்டு ஆயிடுச்சு. கை ஸ்லோ” என்று சொல்லித்தான் கேப்டன் தினேஷ் என்னை ஓசூர் கேமிங் டீமிலிருந்து தூக்கினான். என் இடத்துக்குப் பதினேழு வயசுப் பையன் ஒருவன் வந்தான்.

இன்று திருச்சியில் அவர்களோடு ஃபைனல். நான் திருச்சி டீமில் ஆடினேன்.

ஒரே ஹாலில் ஆடுவதால், எதிரணிக்குப் புரியக்கூடாதென்று ஓசூர் டீம் தெலுங்கில்தான் கத்தும். அதைப் பழக்கிவிட்டவனே நான்.

கேமில் பின்னால் இருக்கும் வீட்டில் ஒளியலாம் என்று அந்தப் பையன் தெலுங்கில் கத்தினான். நான் எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொன்னேன். அந்த வீட்டுக்குள் குண்டு போட்டோம். கோப்பை எங்களுக்கு.

“இது அநியாயம்ணா!” என்றான் தினேஷ்.

“கைதான்டா ஸ்லோ. காது நல்லாத்தான் கேக்குது” என்றேன்.

என் வீடு இன்னும் ஓசூரில்தான்; இப்போது அவர்களோடு ஒரே பஸ்ஸில் திரும்புகிறேன். முன் சீட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் என்னைத் தெலுங்கிலேயே திட்டிக்கொண்டு வருகிறார்கள்.

தமிழாக்கம் கமெண்டில் வேண்டுமா?