பொம்மையின் நெற்றியில் குங்குமம்

விமானத்தின் முன்வரிசை சீட்டில் ஆள் உயரப் பொம்மையை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, தண்டவாளத்தில் வேகமாக இழுத்துச் சட்டென்று நிறுத்துவோம். பொம்மையின் தலை எதிரே உள்ள கேபின் சுவரில் படக்கூடாது. பட்டால் சீட் ஃபெயில். மணப்பாறை ரோட்டில் ஒரு கொட்டகையில் இதுதான் எனக்குப் பிழைப்பு. படித்த படிப்புக்குப் பொம்மை விளையாட்டு.

பட்டதா என்று தெரிய, நெற்றியில் சிவப்புச் சாயம் பூசுவோம். அப்போது சோதித்துக்கொண்டிருந்த சீட் இரண்டு முறை சுவருக்குப் பொட்டு வைத்துவிட்டது. மூன்றாவதும் போனால் டிசைனே குப்பைக்கு. எங்கள் ஒரு வருட உழைப்பும் கூடவே. பொம்மைக்கு ஒயர் மாட்டி, முதுகை நிமிர்த்தி உட்காரவைக்கவே இரண்டு நாள் ஆகும். என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அவ்வளவு பதவிசாக உட்காரவைக்கவில்லை.

மூன்றாம் முறை, யாரும் பார்க்காதபோது, சட்டைப்பையிலிருந்த சமயபுரத்துக் குங்குமத்தை எடுத்து அதன் புருவ மத்தியில், சாயத்துக்கு மேலேயே, தாராளமாகத் தீற்றினேன். அசந்துபோனால் எஞ்சினியரும் சாமியைத்தான் தேடுவான்.

இழுத்தோம். நிறுத்தினோம். வெள்ளைச் சுவரில் சிவப்பு. கேமராவிலோ, அந்த நொடியில் பொம்மையின் கையே முகத்தை மறைத்திருந்தது.

"பட்ட மாதிரியும் இருக்கு, தூள் பறந்த மாதிரியும் இருக்குங்க," என்றார் கேமராக்காரர். "நம்ம சாயத்துல ஏது தூள்?"

எங்கள் மேலதிகாரி மேடம் சுவரைத் தொட்டு முகர்ந்தார். பொம்மையைப் பார்த்தார். பிறகு என்னை.

"சமயபுரத்தாளையும் உள்ள கூட்டிட்டு வந்துட்டேன் மேடம்."

"வந்தது சரி. தலை பட்டுச்சா இல்லையான்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க."

'வெறும் குங்குமம்தான்' என்று சொன்னால் போதும், சீட் பாஸாகிவிடும். வாய்வரை வந்தது. முன்வரிசையில் பெரும்பாலும் கைக்குழந்தைக்காரர்களைத்தான் உட்காரவைப்பார்கள்.

"தெரியலை மேடம்," என்றேன்.

மறுபடி இரண்டு நாள். நெற்றியை ஈரத்துணியால் நானே துடைத்தேன். "பார்த்துத் துடைங்க, சாமி குத்தம் ஆயிடப்போகுது," என்றார் கேமராக்காரர். இந்த முறை சுவரில் ஒட்டியது சாயமேதான்; உள்ளங்கை அகலம். கேமராவிலும் தெளிவாகவே இருந்தது.

ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு சேர்ந்தேன்.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"போச்சு."

"அந்த சீட்டை இனிமே எந்த ஃபிளைட்லயும் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்பக் கை கழுவிட்டு வாங்க. ரசம் ஆறுது."