இரண்டு வேண்டுதலும் ஒரு கோப்பையும்

என் நாத்தனார் இருளாயிக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. பந்தைத் தொட்டதே ஒரு தடவைதான். அது திடலை விட்டுத் துள்ளி வந்து எங்கள் வண்டியில் விழுந்து கடலைத் தட்டைக் கவிழ்த்துவிட்டது. இருளாயி கடலையைப் பொறுக்கவில்லை. பந்தை இரண்டு கையாலும் எடுத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டக்காரப் பையன் வந்து கையை நீட்டிய பிறகுதான் கொடுத்தாள்.

"இவ்வளவு கனமா இருக்கு அண்ணி. இதப் போய் அவ்வளவு லேசா வீசுறானுங்க" என்றாள். அன்று முழுக்க அவளிடம் வேறு பேச்சு இல்லை.

அவர்கள் குடும்பம் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வீடு பிடித்தார்கள். என் கணவர் பிச்சைமுத்து கச்சாங் பூத்தே வண்டி தள்ள ஆரம்பித்தார். கடலை, பட்டாணி, ஓமப்பொடி, முறுக்கு எல்லாம் வீட்டில் போட்டதுதான். எழுபத்து நாலில் நான் கல்யாணமாகி வந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள், புது ஆட்களிடம் வாய் திறக்கப் பயம். சனிக்கிழமை மாலையில் மட்டும் நானும் இருளாயியும் வண்டியோடு சீனச் சங்கத்துத் திடலுக்குப் போவோம். பழைய சீனப் பத்திரிகையைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பது என் வேலை. அதற்குக் கண் தேவையில்லை. கண் சும்மா இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆட்டத்தைவிட இருளாயியைத்தான் அதிகம் பார்த்தேன்.

பந்து வளையத்தில் விழுந்தால் அவள் கைக்கு அளவு மறந்துவிடும். கூம்பு நிறைந்து, வழிந்து, வாங்குகிறவர் சட்டைப் பை வரைக்கும் கடலை போகும். இதைத் தெரிந்துகொண்ட சிலர் காசைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து விழுகிற வரைக்கும் வாங்காமலே நிற்பார்கள்.

"நீ யாவாரம் பண்ண வந்தியா, தர்மம் பண்ண வந்தியா?" என்பார் அவள் அண்ணன்.

"செயிச்சிட்டு இருக்கோம் அண்ணே. இப்பப் போய் எண்ணி எண்ணிப் போடச் சொல்ற."

அவளுக்குச் சொந்தமாக இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று லகாட் பக்கத்து ஈயக் கம்பெனி அணி. மஞ்சள் சட்டை. கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்கள், ஆடுவதுதான் அவர்கள் வேலை. மற்றொன்று சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருக்கிற சீனப் பள்ளி. மலையடி ஸ்கூல் என்போம். நீலச் சட்டை. கம்பெனிகளுக்குத் தனிக் கோப்பை, பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை என்பதால் இரண்டு பேரும் மோதிக்கொண்டதே கிடையாது.

முறுக்கு பிழியும்போது இந்த ஞாயத்தை நாள் பூரா பேசுவாள். "கம்பெனிக்காரங்க ஆட்டம் அச்சுல பிழிஞ்ச முறுக்கு அண்ணி. ஒண்ணு மாதிரியே ஒண்ணு, கோணல் கிடையாது. பாத்துக்கிட்டே இருக்கலாம். பசங்க ஆட்டம் கைமுறுக்கு. கோணும், உடையும், எண்ணெயில போட்டா எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது. ஆனா ருசி எதுல?"

"எதுல?" என்பேன்.

"அதத்தான் என்னால சொல்ல முடியல லா" என்று சிரித்துவிடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள். கம்பெனி இந்த வருஷம் கோப்பை வாங்கினால் பால்குடம் எடுக்கிறாளாம். மலையடி ஸ்கூல் வாங்கினால் மறுநாள் காலையே முடி இறக்குகிறாளாம்.

அவள் முடியை நான்தான் வாரிப் பின்னுவேன். முழங்காலைத் தொடும்.

"ரெண்டுக்கும் பால்குடமே வேண்டியிருக்கலாம்ல?"

"கம்பெனிக்காரங்களுக்குச் சம்பளம் இருக்கு. பசங்களுக்கு என்ன இருக்கு? அவங்களுக்குக் கொஞ்சம் பெருசா வேண்டணும் அண்ணி."

சங்கத்துக்கு அது ஏதோ விசேஷ ஆண்டாம். அதற்காக அந்த வருஷம் கம்பெனிகளில் ஜெயித்த அணியும் பள்ளிகளில் ஜெயித்த அணியும் கடைசியில் ஒரே கோப்பைக்கு மோத வேண்டும் என்று திடலில் பெரிய பலகை எழுதி வைத்திருந்தார்கள். சீனத்தில் எழுதியிருந்தது. அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மாதக்கணக்காக யாவாரம் பண்ணினோம்.

இதற்கு நடுவில் லகாட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பேர் சன்னாசி. ஈயச் சுரங்கத்தில் வெல்டிங் வேலை. படத்தில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றிருந்தார். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் இருளாயி அடிக்கடி அடுப்படிக்குப் போனாள். படம் அங்கே மாவு டின்னுக்குப் பின்னால் இருந்தது. பையனின் அம்மா மங்களம் சொல்லி அனுப்பியது ஒரே விஷயம்தான். பெண்ணுக்கு முடி நீளமாமே, அதுதான் எங்களுக்குப் பிடித்தது என்றார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வருவதாக முடிவானது.

அதற்கு முந்தைய நாள்தான் கோப்பைக்கான கடைசி ஆட்டம். மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, மலாயில் விளக்கினார். இருளாயி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

என் மாமியார் செல்லாயி சொளகைக் கீழே வைத்தார். "ஏண்டி, ரெண்டு பேருக்குமா வேண்டுவ? ஆத்தாளையே மாட்டி விட்டுட்டியேடி."

"ரெண்டு பேரும் மோதுவாங்கன்னு கனவா கண்டேன்?"

அத்தை பூசாரி அப்பாவுவிடம் ஓடினார். முடிக்குப் பதில் வேறு எதையாவது கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் வேண்டியவளே வந்து கேட்க வேண்டும் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். இருளாயி வரமாட்டேன் என்றாள். "ஆட்டம் வர்ற நேரத்துல பேரம் பேசினா, பசங்க தோத்தா அது என்னாலதான்."

அத்தைக்கு ஒரே வழி தெரிந்தது. கம்பெனி ஜெயிக்க வேண்டும். அதுவரை அந்த ஆட்டத்தைக் கரித்துக்கொட்டியவர், சனிக்கிழமை மத்தியானமே குளித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

"எதுடி நம்ம வளையம்?" என்று என்னிடம் கேட்டார்.

"கடியாரத்துக்குக் கீழ இருக்குல்ல அத்தே, அதுலதான் மஞ்சச் சட்டை போடுவாங்க." பாதியில் பக்கம் மாறும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விசில் அடித்துவிட்டது.

நான் அப்படி ஒரு குரலை அத்தையிடம் கேட்டதில்லை. கடிகாரத்து வளையத்தில் ஒவ்வொரு பந்து விழும்போதும் "அப்படிப் போடு, எஞ் சாமி" என்று குதித்தார். பக்கத்தில் நின்ற சீனப் பெண்கள் முதலில் நகர்ந்தார்கள், பிறகு அவரோடு சேர்ந்து குதித்தார்கள். இருளாயி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை. கூம்பில் சரியான அளவுக்குக் கடலை போட்டாள். காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. அத்தை மாறவில்லை. கடிகாரத்து வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது போடுவது நீலச் சட்டை. "அப்படிப் போடு" என்று இன்னும் பலமாகக் கத்தினார். நான் அவர் சேலையை இழுத்துப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

பையன்கள் பின்தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு குட்டையன் பந்தோடு ஓடி, கம்பெனியின் நெட்டையன் மேல் மோதிச் சிமெண்டில் உருண்டான். எழுந்து முழங்காலைப் பார்த்தான். தோல் போயிருந்தது. அவன் சிரித்தான். நெட்டையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இருளாயி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"போனா போவுது அண்ணி, வளரும்ல" என்றாள். உடனே வண்டியின் கம்பியில் ஏறி நின்று, "கா யாவ், மலையடி, கா யாவ்" என்று சீனர்கள் கத்துகிற மாதிரியே கத்தினாள். அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இரண்டு பேரும் ஒரே வளையத்துக்கு. அத்தைக்குத் தான் அதைச் செய்கிறோம் என்று தெரியாது.

கடைசியில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், கம்பெனி முன்னால். குட்டையன் பந்தை எறிந்தான். பந்து மேலே இருக்கும்போதே மணி அடித்தது. வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

அத்தை ஒரு சீனப் பெண்ணைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். "செயிச்சாச்சு, எம் மவ தல தப்பிச்சிருச்சு."

"யம்மா" என்றார் என் கணவர். "நீ கத்துனது நீலச் சட்டைக்கு."

"என்னடா சொல்ற? எப்பலேருந்து?"

"பாதிலேருந்து."

அத்தை வளையத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்ப என் வாயாலேயே மொட்டை போட்டுட்டேனா?" என்று சொல்லிவிட்டு எங்கள் முக்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் கடலை கேட்டார்.

மறுநாள் காலை கோயிலில் முடி இறக்கி, சந்தனம் பூசியாயிற்று. லகாட்டுக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. மத்தியானம் மங்களம் அம்மாவும், சன்னாசியும், அவர் தாய்மாமனும் தட்டோடு வந்துவிட்டார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போ என்று அத்தை கெஞ்சினார். இருளாயி கேட்கவில்லை. தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு, சந்தன மொட்டையோடு நடுவீட்டில் போய் நின்றாள். கப்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மங்களம் அம்மா கப்பைத் தொடவில்லை. "ஏதும் துக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க, வேண்டுதல். அம்மாவுக்கு ஒடம்பு..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"மலையடி ஸ்கூல் கோப்பை வாங்கினதுக்கு" என்றாள் இருளாயி.

அதுவரை காலைப் பார்த்துக்கொண்டிருந்த சன்னாசி தலையைத் தூக்கினார். "அந்தக் கடைசிப் பந்து மணி அடிச்ச பொறவு போட்டது."

"மணிக்கு முன்னயே கையை விட்டுப் போயிருச்சு."

"நான் மணி அடிக்கிற மேசைகிட்டயே நின்னேன்."

"நான் வளையத்துக்குப் பக்கத்துல நின்னேன். மணி அடிக்கறப்ப பந்து மேல இருந்துச்சு. மேல இருந்தா கணக்கு உண்டு."

"எங்க கம்பெனி ஆளுங்க கேட்டாங்களே, ரெஃப்ரி காதுலயே வாங்கலையே."

"காதுல வாங்கித்தான் கோப்பைய பசங்க கையில கொடுத்தாரு. நீங்களா தூக்கிட்டுப் போனீங்க?"

தாய்மாமனுக்குத் தேத்தண்ணி புரையேறியது. சன்னாசி கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்து, "நேத்து எங்களுக்குக் கத்திட்டு, பாதில கட்சி மாறுன அம்மா நீங்கதானே?" என்றார். அத்தை என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கொண்டை இல்லாம பூவ எங்கடா வைக்கிறது?" என்றார் மங்களம் அம்மா மகனிடம்.

"முடி வளரும்மா. எங்க கோப்பை இனி வருமா?"

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். ஒரு வாரம் தகவல் இல்லை. இருளாயி மாவு டின்னுக்குப் பின்னால் கை விடவே இல்லை. முறுக்கு பிழிந்தாள், எண்ணெயைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வழக்கம்போல் திடலுக்குப் போனோம். கம்பெனிக்கும் தைப்பிங்கிலிருந்து வந்த அணிக்கும் ஆட்டம். சன்னாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தார். கடலை கேட்டார். நான் சுருட்டிய கூம்பு என் கையிலேயே நின்றது.

"அம்மா சரின்னுட்டாங்க" என்றார் இருளாயியிடம். "தையில வைக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். "ஃப்ரீ த்ரோ போடுறான்."

அவரும் திரும்பி நின்று பார்த்தார். நெட்டையன் எறிந்தான். பந்து விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உச்சுக் கொட்டினார்கள்.

"தைக்குள்ள இது என்ன வளரும்?" என்றாள் இருளாயி, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே. "பங்குனியில வைக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை மட்டும் வேணாம்."