கடைமடைக்கு வந்த பதில்

"பங்குதாரர்களில் எவரேனும் விலக விரும்பினால், மூன்று மாதங்களுக்கு முன்பாக மற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும்." பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரம், பதினான்காவது பிரிவு. எழுதியது நான்தான்.

ஓய்வு பெறும்வரை பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்தேன். ஊரார் பத்திரங்களைப் படித்தே கண் மங்கியவள், மகளின் பத்திரத்தில் ஓட்டை விடுவேனா? ஒரு பங்குதாரர் இறந்தால் என்ன, கடனாளியானால் என்ன, சித்தம் கலங்கினால் என்ன என்று எல்லாவற்றுக்கும் வழி எழுதி வைத்தேன். ஒரு பங்குதாரர் போனை எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் அதுதான் நடந்தது.

நம் திருச்சபையில் பலருக்கு என் மகள் எப்சிபாவைத் தெரியும். அவள் செய்யும் தொழில்தான் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவளும் தாரணி என்ற தோழியும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார்கள். படிப்பு முடிந்ததும் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இசை அமைக்க ஆரம்பித்தார்கள். "என்ன வாத்தியம் வாசிக்கிறாங்க?" என்று கேட்பவர்களுக்கு "லேப்டாப்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இரட்டையருக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'கடைமடை'. தாரணியின் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். சில வருடங்களில் போய்ச் சேராத இடம். "பேரும் புகழும் எங்களுக்கு மெதுவாத்தான் வரும் ஆன்ட்டி, அதான் இந்தப் பேரு" என்று தாரணி சிரிப்பாள்.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். பாட்டின் அடிப்பகுதி, அதாவது தாளமும் கீழே அதிரும் ஓசையும், தாரணியுடையது. மேலே வரும் மெட்டும் குரலும் எப்சியுடையது. ஒருத்தி தன் பங்கை முடித்துவிட்டு அந்தக் கோப்பை மற்றவளுக்கு அனுப்புவாள். கோப்பு எவளிடம் இருக்கிறதோ அவள் மட்டும்தான் தொடலாம். மற்றவள் வைத்த ஓசை பிடிக்கவில்லை என்றால் அதை ஊமையாக்கலாம். அழிக்கக் கூடாது. நான் எழுதிய பிரிவுகளை இருவரும் ஒரு தடவையாவது படித்தார்களா என்பது சந்தேகம். இந்த எழுதாத விதியை மட்டும் ஒரு நாளும் மீறவில்லை.

குறும்படம், நகைக்கடை விளம்பரம், கல்யாண வரவேற்பு என்று ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன டிசம்பரில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து வாசிக்கும் பெரிய இசை விழா. புதிதாக ஒரு படைப்பை முடித்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அது பிடித்தால் மேடை. எப்சி தன் பங்கை முடித்து, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த தாரணிக்குக் கோப்பை அனுப்பினாள்.

அதோடு சரி. போன் அணைந்திருந்தது. அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. மாசி பிறந்தது.

"உன்கிட்ட நகல் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா."

"அப்புறம் என்ன? நீயே முடிச்சு அனுப்பு."

"கோப்பு அவகிட்ட இருக்கு."

ஒரு கோப்பு அடுத்த மேசையில் கிடந்தால் நம் மேசையில் ஒன்றும் நடக்காது என்பது எனக்குத் தெரியாதா? பணிக்காலம் முழுக்க ஜனங்களிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டது இதுதான் முதல் தடவை.

எப்சி சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் மாடிக்குப் போனபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்கிறாய் என்றேன். "ஒண்ணும் ஓடலம்மா" என்றாள். அவள் அப்பா இறந்த வருடத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த பரிகாரத்தைச் சொன்னேன். பதினான்காவது பிரிவைச் சுட்டிக்காட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ்.

"நோட்டீஸ் அனுப்பினீன்னா நான் இந்த வீட்லயே இருக்க மாட்டேன்" என்றாள்.

அந்த வாரம் பட்டுக்கோட்டையில் பழைய அலுவலகத் தோழி வீட்டுக் கல்யாணம். போனேன். சாப்பிட்டுவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறாமல் பேராவூரணி பஸ் ஏறினேன். தாரணியின் வீடு தென்னந்தோப்புக்குள் இருந்தது. அவள் அம்மா மல்லிகா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாரணி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம் உட்காரப் போனேன்.

"இந்தப் பக்கமா வந்துருங்க மேடம். அந்தப் பக்கம் உக்காந்தா அதுக்குக் கேக்காது" என்றாள் மல்லிகா.

பொங்கல் வாரத்தில் ஒரு காலை எழுந்தபோது தாரணிக்கு வலது காது கேட்கவில்லை. குளித்தபோது தண்ணீர் புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு டாக்டரிடம் போனபோது, நரம்பு பாதித்திருக்கிறது, உடனே வந்திருக்க வேண்டும், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

"கேக்காதது கூடப் பரவால்ல ஆன்ட்டி. உள்ள போர் மோட்டார் ஓடுற மாதிரி ஒரே இரைச்சல். யாரும் ஆஃப் பண்ண மாட்டேங்குறாங்க" என்றாள் தாரணி. சிரிக்கத்தான் முயன்றாள். "ஹெட்போன் மாட்டினா பாதிப் பாட்டக் காணும். எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம்னு தெரியாம நான் என்னத்தப் பண்ண?"

"எப்சிகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பெங்களூரே வேணாம்னு எழுதிப் போட்டுருவா. உங்க பொண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? நான் பேசாம இருந்தா கோவத்துலயாவது தனியாப் பண்ணிருவா."

"அவ தொட மாட்டேங்கறா. கோப்பு உன்கிட்ட இருக்காம்."

தாரணி குனிந்துகொண்டாள். "நீங்க சொல்லக் கூடாது ஆன்ட்டி. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

வெளியே வந்தால், வாசலுக்கு எதிரே இருந்த தென்னை மரத்தில் ஒருவர் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாய் நேராக இந்த வீட்டைப் பார்த்து இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். அதான் மரத்துல கட்டுறோம். ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாது."

"அந்தப் பக்கமாவது திருப்பி வைங்க. உள்ள உடம்பு முடியாத பொண்ணு இருக்கு."

"அந்தப் பக்கம் வெறும் தோப்பு மேடம். தேங்காய்க்கா பாட்டுப் போடச் சொல்றீங்க? நாளைக்கு ஆத்தாளுக்குக் காப்புக் கட்டு."

"உங்க பேரு என்ன?"

"எழுதிக்கப் போறீங்களா? முருகேசன். மைக் செட் முருகேசன்னு போடுங்க, கடுதாசி தன்னால வந்து சேரும்."

திருப்பி வைக்கவே இல்லை. மனு நிராகரிக்கப்பட்ட கோபத்தோடு பஸ் ஏறினேன்.

வீடு வரும் வழியில்தான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. தாரணி இருக்கும் நிலையில் அவளுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. எப்சியிடம் சொல்ல முடியாது. மேல்முறையீடு செய்ய அதிகாரி இல்லை. எந்த வேலைக்கும் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று ஊருக்கே வழி சொன்னவளுக்கு நிற்க ஒரு ஜன்னல் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில், ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள் என்று கேட்டேன்.

"என்ன காரியம் சிஸ்டர்?" என்றார் கூட்டத்தை நடத்தும் கிரேஸ் அம்மா.

"சொல்ல முடியாது."

"யாருக்குன்னாவது சொல்லுங்க."

"அதுவும் சொல்ல முடியாது."

"பேரு இல்ல, விவரம் இல்ல. உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு மனு வந்தா வாங்குவீங்களா?"

"வாங்க மாட்டேன். அதனாலதான் இங்க வந்தேன்."

கிரேஸ் அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கண்ணை மூடி, "இந்தச் சகோதரி சொல்லாத காரியம்" என்று தொடங்கி ஜெபித்தார். ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான் ஜெபித்தார்கள். அந்தப் பெண்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

தனியே நான் செய்த ஜெபம் வேறு மாதிரி. பழக்கம் விடுமா? பொருள், பார்வை, கோரிக்கை என்று வரிசையாகச் சொன்னேன். தாரணியின் வலது காது முழுமையாகக் குணமாக வேண்டும், இந்த மாத முடிவுக்குள் ஆக வேண்டும், இடது காதுக்குப் பாதிப்பு வரக் கூடாது. ஆண்டவர் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி தெளிவாகச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. மல்லிகாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்படியேதான் இருக்கு மேடம்" என்பாள்.

பெங்களூர்க்காரர்கள் நினைவூட்டினார்கள். எப்சி பதில் எழுதினாள்: "கோப்பு என் கூட்டாளியிடம் இருக்கிறது. வந்ததும் அனுப்புகிறேன்." கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. அவர்கள் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். எப்சியின் அறையில் தாரணி விட்டுப்போன ஒரு சட்டை அதில் இருந்தது. அதை மடிக்கும்போது என் வாயில் வரிசை எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை தனியா இருக்கு. நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். காதைப் பற்றிச் சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் மனம் அமைதியாக இருந்தது. இத்தனை வருடம் கோவிலுக்குப் போகிறவள் நான். மறு உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் எழுந்து போன ஜெபம் எனக்கு அதுதான் முதல்.

அடுத்த வெள்ளி ஜெபக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். மாடியிலிருந்து எப்சி இறங்கி வந்து போனை நீட்டினாள். கோப்பு வந்திருந்தது. கூடவே தாரணியின் செய்தி: "வலது காது போச்சுடி. எல்லா ஓசையையும் நடுவுல கொண்டாந்து வச்சிருக்கேன். புடிக்கலன்னா ஊமையாக்கிக்க. அழிச்சிராத."

எப்சி என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பட்டுக்கோட்டைக் கல்யாணத்துலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்க் கோப்பைத் திறந்தாள். ஒரு ஓசையைக்கூட அவள் ஊமையாக்கவில்லை.

நடந்ததைத் தாரணி பிறகு சொன்னாள். காப்புக் கட்டிய மறுநாள் விடியற்காலையில் முருகேசனின் ஒலிபெருக்கி வீட்டுக்குள் பாய்ந்திருக்கிறது. எரிச்சலோடு படுத்திருந்தவளுக்கு மெல்ல ஒன்று உறைத்திருக்கிறது. ஹெட்போனில் பாதி காணாமல் போகும் பாட்டு, இதில் முழுசாக இருக்கிறது. கூம்புக்கு ஒரே வாய்தான். வலது, இடது கிடையாது. ஊரே அந்த ஒரு வாயில்தான் கேட்கிறது, யாரும் குறை என்று சொன்னதில்லை. அன்றே லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். காதுக்குள் இரைச்சல் தாங்கிய அளவுக்குத் தினம் கொஞ்சம் என்று, ஒவ்வொரு ஓசையாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கும்படி நடுவுக்கு நகர்த்தியிருக்கிறாள்.

நான் சொன்னபடி முருகேசன் கூம்பைத் தோப்புப் பக்கம் திருப்பியிருந்தால்? தடையை அன்று யாராவது அமல்படுத்தியிருந்தால்? நான் ஜெபத்தில் மாத முடிவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தபோது பதில் ஏற்கெனவே மரத்தில் கட்டப்பட்டிருந்தது. அதற்கு ஆட்சேபணை தெரிவித்த ஒரே ஆள் நான்தான்.

மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கி மூலம் கர்த்தர் பதில் தந்தார் என்று நம் சபைப் பத்திரிகையில் சாட்சி எழுதலாமா என்று போதகர் ஐயாவைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாராளமா எழுதுங்க. மைக் செட்காரர் பேரை மட்டும் மாத்திடுங்க, போலீஸ்காரங்க வீட்டுக்கும் நம்ம பத்திரிகை போகுது" என்றார். மாற்றியிருக்கிறேன்.

தாரணியின் காது முழுமையாகக் குணமாகவில்லை. குணமானது என்று எழுதினால் இந்தச் சாட்சி இன்னும் எடுப்பாக இருக்கும். ஆனால் பொய்ச் சான்றில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. இரைச்சல் குறைந்திருக்கிறது. கொஞ்சம் கேட்கிறது என்கிறாள். பெங்களூரில் இருவரும் வாசித்தார்கள். மேடையில் எப்சி தாரணிக்கு இடப்பக்கம் நின்றாள். அதன் பிறகு வேலை தொடர்ந்து வருகிறது. புதிதாக எது செய்தாலும் பேராவூரணிக்குக் கொண்டுபோய் முருகேசனின் கூம்பில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். "அடி நல்லா விழுது பாப்பா, ஆனா பாட்டு எப்ப வரும்?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாராம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது சொல்ல முடியாத பாரம் இருக்கலாம். விவரம் இல்லாமலே கொண்டுபோங்கள். அங்கே உங்கள் மனுவைத் திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள் கேட்டது ஒன்றாகவும் கிடைப்பது வேறாகவும் இருக்கலாம். கிடைப்பதை வாங்கிப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் ஜெபிக்கிறேன். வரிசை எண் போடுவதில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. எந்தக் காரியமானாலும் பதில் வந்த நாளைக் குறிக்காமல் முடிப்பதில்லை. என் காரியத்தில் பதில் வந்தது, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம்.