வால் வெட்டிய நாய்

பௌர்ணமியன்று மாலை நான்கு இருபதுக்கு எதிர்வீட்டு டாபர்மேன் என் மகளின் கெண்டைக்காலைக் கவ்வியது. ஒன்பது வயதுப் பெண். பள்ளி வேன் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பல் பதிந்த இரண்டு இடங்களில் ரத்தம் கசிந்தது.

நாயின் சொந்தக்காரர் ஓடிவந்து சங்கிலியைப் பிடித்தார். "பயப்படாதீங்க சார். குட்டியிலயே வால வெட்டியாச்சு. வால் நுனியிலதான் வெறிப்புழு இருக்கும். அத எடுத்துட்டா வெறியே புடிக்காது."

"தடுப்பூசி போட்டீங்களா?"

"அதான் வால வெட்டியாச்சே!"

நான் எம்.காம். படித்தவன். ஆனாலும் நம்பினேன், நம்ப விரும்பினேன். செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம், ஆட்டோ கிடையாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினேன்.

ஐந்தரைக்கு வேலையிலிருந்து திரும்பிய என் மனைவி, காயத்தைப் பார்த்ததும் தம்பிக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அவன் கீழ்பென்னாத்தூரில் கால்நடை மருத்துவன்.

"வாலுக்கும் வெறிக்கும் என்னா மாமா சம்பந்தம்?" என்று கத்தினான். "வேட்டை நாய்க்கு முள்ளுல வால் கிழியுதுன்னு அந்தக் காலத்துல வெட்டுனாங்க. காவல் நாய்னா திருடன் வாலப் புடிச்சிடுவான்னு வெட்டுனாங்க. வெறி வராதுன்னும் எவனோ கெளப்பிவிட்டான். இப்ப வெட்றது வெறும் அழகுக்கு. மொதல்ல மஞ்சளக் கழுவுங்க. சோப்பு போட்டு, கொழாயத் தொறந்துவுட்டு, கால் மணி நேரம். அப்புறம் நடந்தாவது ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

அவன் சொன்னபடியே கழுவிவிட்டுக் கிளம்பினோம். அத்தனை பேரும் மேற்கே நடக்க, நான் மகளைத் தோளில் சுமந்து கிழக்கே போனேன். "சாமி, கிரிவலம் அந்தாண்ட!" என்று ஒருவர் சிரித்தார். மகள் என் காதருகே கேட்டாள்: "அப்பா, எனக்கு வெறி புடிச்சிடுமா?" நான் நடையை எட்டிப்போட்டேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று இன்னும் மூன்று முறை வரச் சொன்னார்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்.

தினமும் காலையில் எதிர்வீட்டு கேட்டருகே நின்றேன். வால் இருந்திருந்தால் ஆட்டுகிறதா, ஒடுக்குகிறதா என்றாவது பார்த்திருப்பேன். அந்தக் கட்டைவாலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அது தண்ணீரில் நாக்கை வைக்கும்வரை எனக்குக் காப்பி இறங்காது. ஆறாம் நாள் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அன்று நான் அலுவலகம் போகவில்லை. மதியம்தான் குடித்தது. அதன் பிறகுதான் நானும் காப்பி குடித்தேன்.

பதினோராம் நாள் மைத்துனன் பஸ் ஏறி வந்தான். நாயின் வாய், கண், நடை எல்லாம் பார்த்தான். தன் பையிலிருந்த தடுப்பூசியை அதற்குப் போட்டான். "இத அன்னிக்கே போட்டிருந்தா வாலும் இருந்திருக்கும் சார்" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "நாய் நல்லா இருக்கு மாமா. ஆனா பாப்பாவுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி. நாய்தான் நல்லா இருக்கேன்னு அத வுட்றாதீங்க."