குப்பையில் கிடந்த குழம்புத்தூள்

“இங்க எதுலயும் காரமே இல்லம்மா.”

அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊருக்கு மேல்படிப்புக்குப் போன நாளிலிருந்து, என் அக்கா மகன் எழிலன் தினமும் போனில் சொன்னது இதுதான். குளிர் என்று சொன்னதில்லை, மழை என்று சொன்னதில்லை. காலையில் வகுப்பு, சாயந்தரம் ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, பிறகு வந்து சோறு பொங்குவது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். மிளகாய்த்தூளுக்குத்தான் அழுதான்.

“சோத்தைத் தின்னுட்டுப் படிடா, நாக்கை அப்புறம் பாத்துக்கலாம்” என்பாள் என் அக்கா பவுனம்மாள்.

அவனோடு ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். திண்டிவனம் பக்கத்து ஆனந்தராஜ், கடலூர்க்காரன் அரிகிருஷ்ணன். மூன்று பேரும் முறை வைத்துச் சமைத்தார்கள். எழிலன் முறை வந்தால்தான் மற்ற இருவரும் மறுசோறு போட்டுக்கொள்வார்களாம். யார் ஊருக்கு வந்தாலும் மற்றவர்கள் வீட்டுப் பார்சலையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது அவர்களுக்குள் வழக்கம்.

ஆனந்தராஜ் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கே பார்சலைக் கொண்டுவருகிறேன் என்று அக்கா சொன்னாள்.

“வேணாம் ஆன்ட்டி, பைக்லதான் வர்றேன். வீட்டுக்கே வந்துடறேன்.”

வந்தவன் டீக்கடையில் வழி கேட்டிருக்கிறான். “காலனியா? நேராப் போ” என்று கடைக்காரர் கை காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பையன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினான். அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

“வேணாம் ஆன்ட்டி, அமாவாசை விரதம். மலையனூர் போறேன்.”

தண்ணீருக்கு எந்த ஊரில் விரதம்? அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை. குழம்புத்தூள், எள்ளுருண்டை, பூண்டு ஊறுகாய் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

லிமெரிக் திரும்பிப் போனதும், “ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்க மச்சான்” என்றான். எழிலன் சமைத்ததையும் தொடவில்லை. வயிறு சரியில்லையாம். அந்த வாரம் குப்பையை வெளியே வைப்பது எழிலன் முறை. தூக்கும்போது பை கிழிந்தது. அம்மா கையெழுத்தில் தன் பேர் எழுதின குழம்புத்தூள் கவர், கட்டுப் பிரிக்காமல், கோழி எலும்போடு கிடந்தது.

“இன்னாடா இது?” என்று கேட்டான்.

“எந்தத் தெருன்னு ஏன்டா சொல்லல?” என்றான் ஆனந்தராஜ்.

“நீ கேக்கலியே.”

“உங்க தெரு தூளைத் தின்னணும்னு எங்களுக்கு இன்னா தலையெழுத்தா?”

எழிலன் அடித்தான். முதல் அடி அவனுடையதுதான். மறைத்துப் பேச எனக்கு வராது. ஆனந்தராஜ் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். மாதக்கணக்கில் எழிலன் கையால் தின்ற அரிகிருஷ்ணன், பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்துப் பிடித்து, வலது கையை அடுப்பு மேடையில் வைத்து அழுத்தினான். ஆனந்தராஜ் இரும்புத் தோசைக்கல்லை எடுத்து விரல்கள் மேல் இறக்கினான். ஒரு தடவையோடு விடவில்லை. எலும்பு முறிகிற சத்தம் எழிலனுக்கே கேட்டதாம். அடுத்த அடி வாயில். பல் ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் போய் விழுந்தது. மிச்சமிருந்த பல்லால் அரிகிருஷ்ணன் கையைச் சதையோடு கடித்துப் பிடுங்கிக்கொண்டுதான் எழிலன் வெளியே வந்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா போலீஸைக் கூப்பிட்டாள்.

சமையல் தகராறு, அவன்தான் முதலில் அடித்தான் என்றார்கள் இரண்டு பேரும். எழிலன் ஆமாம் என்றான். எதற்கு அடித்தேன் என்பதையும் சொன்னான். போலீஸ்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்க எல்லாரும் ஒரே நாடுதானே?”

“அவனும் நானும் ஒரே ஜில்லா மேடம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே காலனி என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்தான். அவர்கள் மேல் ஒரு கேஸ், இவன் மேல் ஒரு கேஸ்.

அடுத்த வாரமே ஆனந்தராஜின் அப்பா முருகையன் இரண்டு ஆட்களோடு காரில் அக்கா வீட்டுக்கு வந்தார்.

“கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு. உம்புள்ள மேலயும் கேஸ் இருக்குது. படிப்பை முடிக்க வுடாம திருப்பி அனுப்பிடுவான்.”

“உம்புள்ளையையும்தான அனுப்புவான். ரெண்டும் ஒரே ஃப்ளைட்ல வரட்டும்” என்றாள் அக்கா.

அவர் கதவை உதைத்தார். அக்கா துடைப்பத்தால் அவர் முகத்திலேயே போட்டாள். கூட வந்தவன் அவளைப் பிடித்துத் தள்ள, படியில் மோதி நெற்றி பிளந்தது. அதற்குள் தெருவே கட்டையோடு வந்துவிட்டது. காரில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. முருகையன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

நெற்றியில் தையலோடு அக்கா மகனிடம் போனில் பேசினாள். அவன்தான் முதலில் கேட்டான்.

“உன்னையே வந்து அடிக்கிறானுங்க. வாபஸ் வாங்கிடட்டுமாம்மா?”

“அவன் மூக்கு நல்லா உடைஞ்சுதா?”

“உடைஞ்சுதும்மா.”

“அப்பறம் இன்னாத்துக்கு வாபஸ்? படிப்பையும் முடி, கேஸையும் முடி. அப்பறமா வா.”

எழிலன் வாபஸ் வாங்கவில்லை. இப்போது தனி அறையில் இருக்கிறான். கையில் கட்டு. பாத்திரம் கழுவும் வேலை போய்விட்டது. இடது கையால் தட்டித் தட்டிப் பாடம் எழுதுகிறான். அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் வம்பு எதற்கென்று அவனைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்களாம். படித்த லட்சணம். அடுத்த மாதம் கோர்ட். ஆனந்தராஜுக்காக வந்து உட்கார ஆள் இருக்கிறது. இவனுக்கு ஒருவரும் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அங்கே படித்தால் எழிலனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் நீங்களும் போங்கள். ஒரு கையால் சோறு வடிக்க வராமல் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொள்கிறான். வடித்துக் கொடுங்கள். கோர்ட் அன்றைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.